மலிவு விலை அடுக்குமாடிகளும் நம் பிள்ளைகளின் வளர்ச்சியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலிவு விலை அடுக்குமாடிகளில் வாழும் இந்தியப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவதற்கும் அவர்களின் கட்டொழுங்கு கெடுவதற்கும் பெற்றோரின் பொறுப்பின்மையே காரணம் என்று வாசகர் ஒருவர் அண்மையில் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். கோலாலம்பூர்த் தமிழ்ப்பள்ளிகளில் படிநிலை 1 (முதலாம் ஆண்டு முதல் மூன்றாம் ஆண்டு வரை) மாணவர்களுக்கு நெடுங்காலம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அக்கருத்தைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

அவர் கூற்றில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். பிள்ளையின் புத்தகப் பையை ஒரு தவணை முழுவதும் திறந்து பார்க்காத பெற்றோரை நானும் அறிவேன். ஆனால் அத்தகைய பெற்றோர் பங்சாரின் பங்களா வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எப்படியோ தேறிவிடுகிறார்கள். ஒரே அளவு அக்கறையும் ஒரே அளவு அலட்சியமும் ஓரிடத்தில் ஒரு விதமாகவும் மற்றோரிடத்தில் வேறு விதமாகவும் பலிக்கின்றன என்றால், அந்த இடத்தைப் பற்றியும் நாம் பேசித்தான் ஆக வேண்டும். அதைப் பேசாமல் வளர்ப்பை மட்டும் பழிப்பது எளிது. அதற்கு யாரும் செலவு செய்ய வேண்டியதில்லை.

கோலாலம்பூர் வட்டாரத்திலுள்ள 17 மலிவு விலை அடுக்குமாடிகளில் ஏறத்தாழ 1,000 குடும்பங்களைச் சந்தித்து நடத்திய ஆய்வின் முடிவுகளை யுனிசெப் 2018ஆம் ஆண்டில் வெளியிட்டது. 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 15 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள், பிள்ளைகளில் 12 விழுக்காட்டினர் நாளொன்றுக்கு மூன்று வேளைக்கும் குறைவாகவே சாப்பிடுகிறவர்கள் என்று அது கூறியது. 5, 6 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் பாலர் பள்ளிக்குச் செல்வதில்லை என்றும், மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் பிள்ளைகளுக்கென்று ஒரு புத்தகம்கூட இல்லை என்றும் அதே ஆய்வு தெரிவித்தது. இது எல்லா இனத்தாரும் சேர்ந்த கணக்கு. இரட்டைக் கோபுரங்கள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், குழாய் நீரும் மின்சாரமும் உள்ள வீடுகளில் வாழும் பிள்ளைகளின் நிலை இது என்பதுதான் அந்த அறிக்கையைப் படித்தபோது பலரையும் திடுக்கிட வைத்தது.

உணவு விலையேற்றம் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டுவிட்டதால் அதை விட்டுவிட்டு, சத்தத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதைப் பற்றி யாரும் புகார் செய்வதில்லை. கேட்டால், பழகிப்போய்விட்டது என்பார்கள். நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் விரைவுச்சாலை ஒன்றுக்கு மேலேயே கட்டப்பட்ட 32 மாடிக் குடியிருப்புகளில் வாழ்ந்த தொடக்கப்பள்ளி மாணவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 1973இல் வெளிவந்தது. சாலைக்கு அருகிலுள்ள கீழ்மாடிகளில் வளர்ந்த பிள்ளைகள், மேல்மாடிப் பிள்ளைகளைக் காட்டிலும், ஒலி நெருக்கமுள்ள சொற்களைப் பிரித்தறிவதில் அதிகம் திணறினார்கள், வாசிப்பிலும் பின்தங்கினார்கள், அங்கே நீண்ட காலம் குடியிருந்தவர்களிடம் இந்த வேறுபாடு கூடுதலாகத் தெரிந்தது. பழகிப்போவதில்தான் கேடு இருக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஓயாத இரைச்சலைக் காதில் வாங்காமலிருக்கப் பழகும் குழந்தை, பேச்சின் நுண்ணிய ஒலிகளையும் அதோடு சேர்த்துத் தவறவிட்டுவிடுகிறது.

அதே நகரத்தில் உயர்மட்ட ரயில் பாதையை ஒட்டி ஒரு தொடக்கப்பள்ளி இருந்தது. பாதையைப் பார்த்த வகுப்பறைகளில் பயின்ற பிள்ளைகள், கட்டடத்தின் மறுபக்கத்தில் பயின்றவர்களைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்ததையும், ஆறாம் வகுப்பை எட்டுவதற்குள் அந்த இடைவெளி ஏறத்தாழ ஓராண்டுப் படிப்பளவுக்கு விரிந்திருந்ததையும் 1975இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன் பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர்ப் பட்டைகள் பதிக்கப்பட்டன. வகுப்பறைகளின் உட்கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகைகள் பொருத்தப்பட்டன. 1981இல் வெளிவந்த மறு ஆய்வில் இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இடையே வேறுபாடு இல்லை. இதற்காகப் பெற்றோரை அழைத்து யாரும் தன்முனைப்புப் பயிலரங்கு நடத்தவில்லை; தண்டவாளத்தைச் சரிசெய்தார்கள்.

நம் தலைநகரிலும் மலிவு விலை வீடுகள் பல, நெடுஞ்சாலைகளையும் எல்ஆர்டி ரயில் பாதைகளையும் ஒட்டியே எழும்பியிருக்கின்றன; அமைதியான நிலத்தின் விலை அப்படி. அங்கிருந்து வரும் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குச் சொல்வதெழுதுதல் நடத்திப் பாருங்கள். ‘பள்ளி’ என்று ஆசிரியர் சொல்ல, ‘பல்லி’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்ப்பான். திருத்தமாகப் பத்து முறை எழுதிவரச் சொல்வது நம் வழக்கம். அவன் உறங்கும் அறையின் சன்னலுக்கு நேரே எந்தச் சாலை போகிறது என்று கேட்பது நம் வழக்கத்தில் இல்லை.

இடம்பெயர்வு நம் சமூகத்துக்குப் புதிதன்று. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறியபோது வெளியேறிய குடும்பங்கள் முதலில் நகரத்துப் புறம்போக்கு நிலங்களுக்கும், அங்கிருந்து ரூமா பாஞ்சாங் எனப்படும் தற்காலிக வரிசை வீடுகளுக்கும், பின்னர் புறம்போக்குக் குடியிருப்புகளை 2005ஆம் ஆண்டுக்குள் அறவே ஒழிக்கும் திட்டத்தின்கீழ் பிபிஆர் எனப்படும் அரசாங்க மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் குடியேற்றப்பட்டன. மூன்று அறைகள், கழிப்பறை, மாநகர மன்றத்தின் பிபிஆர் வீட்டுக்கு மாதம் 124 வெள்ளி வாடகை என்பதைப் புறம்போக்கு வாழ்க்கையின் வெள்ளத்தையும் சேற்றையும் அறிந்த எவரும் ஏளனமாகப் பேசமாட்டார்கள்.

ஆனால் அந்தக் குடியேற்றக் கணக்கில் சில விடுபட்டுப்போயின. தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை இருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்ததால், பெயரளவுக்கேனும் ஒரு பள்ளி இருந்தது. திடல் இருந்தது, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்தபடி பத்து வீட்டுப் பிள்ளைகளையும் கண்காணிக்கும் பாட்டிமார் இருந்தார்கள். அவற்றின் தரத்தில் எனக்கு எந்த மயக்கமும் இல்லை. ஒரே ஆயா ஏணை ஏணையாக ஆட்டிக்கொண்டிருந்ததும், ஓரறைப் பள்ளியில் எல்லா வகுப்புகளும் ஒருங்கே நடந்ததும் நாம் பெருமையடித்துக்கொள்ளத் தக்கவை அல்ல. இருந்தாலும், தாய் விடியற்காலையில் பால்மரம் சீவப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அங்கே ஏதோ ஒரு விடை இருந்தது. இன்று தொழிற்சாலையின் காலை ஷிப்டுக்கோ, மருத்துவமனைத் துப்புரவு வேலைக்கோ, பேரங்காடிக் கல்லாவுக்கோ போகிற தாய்க்குப் பதினான்காம் மாடியில் அந்தக் கேள்விக்கு விடை இல்லை. வீட்டை அளந்து கொடுத்தவர்கள் ஆயாக் கொட்டகையை அளக்கவில்லை.

புக்கிட் கியாராவை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்த தோட்டத்தின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் நிரந்தர வீட்டை எதிர்பார்த்து 1980களிலிருந்து ரூமா பாஞ்சாங்கில் காத்திருந்தன. அவர்களுக்கான வீடுகளோடு சேர்த்து உயர்விலைக் குடியிருப்புக் கோபுரங்களையும் ரிம்பா கியாரா பூங்கா நிலத்தில் கட்டுவதற்குத் திட்டமிடப்பட்டது. அருகிலுள்ள தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் வட்டாரக் குடியிருப்பாளர்கள் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்து, 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றத்தில் வென்றார்கள். பூங்காவைக் காப்பாற்றியவர்களை நான் குறை சொல்லவில்லை. நகரப் பிள்ளைகளுக்கு அந்தப் பசுமை வேண்டும். ஆனால் ஒரு சாராருடைய பிள்ளையின் பூங்காவையும் இன்னொரு சாராருடைய பிள்ளையின் வீட்டையும் எதிரெதிரே நிறுத்திவைத்த திட்டமிடல் எத்தகையது? ரூமா பாஞ்சாங்கில் பிறந்தவர்கள் அதற்குள் தாமே பெற்றோராகும் வயதை அடைந்துவிட்டார்கள். பூங்காவுக்காக வழக்காடுவதற்கு வழக்கறிஞரும் பணமும் ஓய்வு நேரமும் வேண்டும். அவை எல்லா வட்டாரங்களிலும் ஒரே அளவில் கிடைப்பதில்லை.

காலதாமதம் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறது என்பதற்கு, அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய ஒரு பரிசோதனை தெளிவான விடை தருகிறது. ஐந்து நகரங்களில், வறுமை மிகுந்த அரசாங்க அடுக்குமாடிகளில் வாழ்ந்த ஏறத்தாழ 4,600 குடும்பங்களிடையே குலுக்கல் நடத்தி, ஒரு பிரிவினருக்கு வறுமை குறைந்த வட்டாரத்தில் வாடகை வீடெடுக்க உதவிச் சீட்டு வழங்கினார்கள். முதல் பத்தாண்டுகளில் பெற்றோரின் வருமானத்திலும் பிள்ளைகளின் தேர்வுப் புள்ளிகளிலும் சொல்லத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. பலர் அத்திட்டத்தைக் கைகழுவியும் விட்டார்கள். அப்பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு, ராஜ் செட்டி, நத்தேனியல் ஹென்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் ஆகிய பொருளியலறிஞர்கள் அவர்களுடைய வருமான வரிக் கணக்குகளைப் பார்த்து, 2015இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். 13 வயதுக்கு முன் இடம் மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் ஏறத்தாழ 31 விழுக்காடு அதிகம் சம்பாதித்தார்கள். கல்லூரிக்குச் சென்றவர்களும் அவர்களில் கூடுதல். 13 வயதைத் தாண்டி இடம் மாறியவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. பழகிய நண்பர்களையும் பள்ளியையும் விட்டுப் போனதால் அவர்கள் சிறிது இழக்கவும் நேர்ந்திருக்கலாம்.

பெற்றோர் அதே பெற்றோர், இனமும் வறுமையும் அதே. சீட்டு யாருக்கு விழுந்தது என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. ஆகவே, அக்கறையுள்ள குடும்பங்கள் மட்டுமே இடம் மாறியிருக்கும் என்று வாதாடவும் வழியில்லை. இதைச் சொல்வதால், எல்லாக் குடும்பங்களையும் மீண்டும் மூட்டை கட்டச் சொல்கிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நாம் மூட்டை கட்டியது போதும். நான் சொல்ல வருவது வயதைப் பற்றி. நம் இயக்கங்கள் செலவிடும் பணமும் உழைப்பும் பெரும்பாலும் இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதும் மாணவர்களுக்கான பிரத்தியேக வகுப்புகளுக்கும் தன்முனைப்பு முகாம்களுக்கும் போகின்றன. பதினேழு வயதில் தூக்கிவிட முயல்வதைவிட, நான்கு வயதில் அப்பிள்ளை எங்கே, யாரோடு, என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்ப்பது பயன் தரும்.

பெரும்பாலும் அது வீட்டுக்குள்தான் இருந்தது. கிரில் கதவைப் பூட்டிவிட்டு, கைப்பேசியைக் கையில் கொடுத்து, அம்மா வேலை முடிந்து வரும்வரை அக்காவிடம் விடப்பட்ட பிள்ளைகள் முதலாம் ஆண்டுக்கு வரும்போது கவனித்திருக்கிறேன். கார்ட்டூனில் கேட்ட ஆங்கிலச் சொற்களை அழகாகச் சொல்வார்கள். ஆனால் பள்ளியின் மாடிப்படியில் இறங்கும்போது, கைப்பிடியை இறுகப் பற்றி, ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் சேர்த்து வைத்தே இறங்குவார்கள். ஏறவும் தொங்கவும் குதிக்கவும் இடமில்லாமல் வளர்ந்த உடம்பு அது. பென்சில் பிடிக்கும் விரல்களில் வலுவிருக்காது. முறை வரும்வரை காத்திருக்கத் தெரியாது. ஏனெனில் ஊஞ்சலுக்காக வரிசையில் நின்றதே இல்லை.

அந்தத் தாயைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கீழே போகும் மின்தூக்கி பழுது. படிக்கட்டில் யார் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். விளையாட்டு மைதானத்தில் ஊஞ்சலின் சங்கிலி மட்டும் தொங்குகிறது. மேல்மாடியிலிருந்து வீசப்பட்ட நாற்காலி விழுந்து நம் மாணவன் ஒருவன் 2018இல் உயிரிழந்ததை அடுக்குமாடிவாசிகள் இன்னும் மறக்கவில்லை. உள்துறை அமைச்சு 2013இல் 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் இந்தியர் என்ற செய்தியும் உடன் வந்தது. அத்தகைய சூழலில் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டுவது அறிவுள்ள தாய் எடுக்கும் முடிவுதான். அதன் விலையைப் பிள்ளையின் காலும் கையும் நாவும் கொடுக்கின்றன.

இந்த அச்சம் ஏழ்மையோடு கூடவே வந்து தீர வேண்டியதும் அன்று. சிகாகோவின் 343 வட்டாரங்களில் 8,000க்கும் மேற்பட்டோரைப் பேட்டி கண்டு, சமூகவியலாளர் ராபர்ட் சேம்சனும் அவருடைய சகாக்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே அளவு வறுமையுள்ள வட்டாரங்களுக்கு இடையிலும் வன்முறை ஒன்றில் அதிகமாகவும் மற்றொன்றில் குறைவாகவும் இருந்ததைக் காட்டியது. அண்டை வீட்டார் ஒருவரையொருவர் நம்பி, பள்ளிக்குப் போகாமல் தெருவில் சுற்றும் பிள்ளையை “ஏன் இங்கே நிற்கிறாய்?” என்று கேட்கத் தயங்காத இடங்களில் அது குறைவாக இருந்தது. நம் அடுக்குமாடிகளிலும் அத்தகைய மாடிகள் உண்டு. மூன்று வீட்டுப் பிள்ளைகளைத் தம் வாசலில் உட்கார வைத்து, அவர்களில் இருவர் தமிழ்ப் பிள்ளைகள் என்ற வேறுபாடே பாராமல் சோறு போடும் மக்சிக் (மலாய் அம்மா) ஒருவரை நான் அறிவேன். அந்த மாடியில் மாலை வேளைகளில் கதவுகள் திறந்தே இருக்கும். ஆனால் உள்வாடகைக்கு ஆள் மாறிக்கொண்டே இருக்கும் மாடிகளில், அடுத்தவர் பிள்ளையைக் கண்டித்தால் அது சண்டையில்தான் முடியும். அதனால்தான், இந்தியர்களுக்கென்று மட்டும் நடத்தப்படும் நிகழ்ச்சிகளால் இந்தச் சிக்கல் தீராது என்கிறேன். நடைவழி எல்லாருக்கும் பொது. அண்டை அயலார் அமைப்பான ருக்குன் தெத்தாங்காவில் நம்மவர் எத்தனை பேர் உறுப்பினராக இருக்கிறோம் என்று நாமே ஒரு கணக்கெடுக்கலாம்.

மாநகர மன்றம் செய்ய வேண்டியவை பெரிய புதுமைகள் அல்ல. ஒவ்வொரு பிபிஆர் குடியிருப்பிலும் கீழ்த்தளத்தில் கடைக்கும் அலுவலகத்துக்கும் ஒதுக்கிய இடங்களில் சில பூட்டியே கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை வாடகையின்றிப் பாலர் பள்ளிக்கும், மாலையில் அமைதியாக உட்கார்ந்து படிப்பதற்கும் ஒதுக்கலாம். இருக்கும் கெமாஸ் (அரசாங்கச் சமூக மேம்பாட்டுத் துறை) பாலர் பள்ளிகள் மலாய்மொழி வழி நடப்பவை. தமிழ்ப்பள்ளிகளோடு இணைந்த பாலர் வகுப்புகளுக்கு வேன் வைத்துத்தான் போக வேண்டும். பாலர் பள்ளிக் கட்டணத்துக்கு அரசாங்கத்தின் இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ரா உதவித்தொகை வழங்கியதை நான் வரவேற்கிறேன். ஆனால் கட்டண உதவி கிடைத்தும், நடந்து போகும் தூரத்தில் பள்ளி இல்லாத குடும்பத்தில் மிச்சமாகும் தொகை வேன்காரருக்கே போகும். பாலர் பள்ளியில் வேலைக்கு அமர்த்தப்படுபவரின் சம்பளமும் முக்கியம். பாலர் பள்ளி ஆசிரியை என்றால் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வருபவர் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. நல்ல ஆசிரியைகள் ஒரே ஆண்டில் ஓடிவிடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மின்தூக்கியைப் பழுதுபார்ப்பதையும் கல்வி பற்றிய கடிதத்தில் எழுத வேண்டியிருக்கிறது. அது நின்றுபோகும் நாள்களில் பதினைந்தாம் மாடிப் பிள்ளை பாலர் பள்ளிக்கு வராது, தடுப்பூசிக்கும் போகாது. எத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்யப்படும் என்று மாநகர மன்றம் எழுதி ஒட்டட்டும். ஒட்டியதை மீறினால் குத்தகையாளரிடம் தண்டம் வசூலிக்கட்டும்.

ஆலய நிர்வாகங்களைப் பற்றியும் ஒரு சொல். கோபுரத்துக்கு வண்ணம் பூசக் கூடாதென்று சொல்லும் உரிமை எனக்கில்லை. நானும் நன்கொடை கொடுப்பவன்தான். வாரத்தில் ஐந்து நாள் காலியாகக் கிடக்கும் ஆலய மண்டபத்தில் காலை எட்டு மணி முதல் பகல் பன்னிரண்டு வரை நாற்பது பிள்ளைகள் உட்காரலாம், பாடலாம், ஓடலாம். தீயணைப்புத் துறையின் ஒப்புதலும் கல்வி இலாகாவின் பதிவும் வாங்க அலைச்சல் உண்டு என்பது மெய்யே. திருமணப் பதிவதிகாரியாக ஒருவரை நியமிக்கச் செய்வதற்கு அலைந்த ஆலயங்களுக்கு அந்த அலைச்சல் தெரியாததன்று.

நகர்ப்புறப் புதுப்பிப்பு பற்றி இப்போது அதிகம் பேசப்படுகிறது. பழைய அடுக்குமாடிகளை இடித்து எழுப்பும் புதிய கட்டடங்களில் எத்தனை சதுர அடி வீடு என்பதோடு, கீழ்த்தளத்தில் பாலர் பள்ளிக்கு எவ்வளவு இடம், நெடுஞ்சாலைப் பக்கம் படுக்கையறை வருமா, திடல் கார் நிறுத்துமிடமாக மாறாதிருக்க என்ன உறுதி என்றும் நம் பிரதிநிதிகள் கேட்க வேண்டும். தங்கள் நாளிதழின் செய்தியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள்: கூட்டரசுப் பிரதேசத்திலுள்ள பிபிஆர் குடியிருப்புகள் ஒவ்வொன்றுக்கும் நேரில் சென்று, அங்கே பாலர் பள்ளி நடக்கிறதா, மைதானத்தில் ஊஞ்சல் ஆடுகிறதா, மின்தூக்கி எத்தனை ஓடுகின்றன என்று பார்த்து, குடியிருப்பின் பெயரோடு பட்டியலிட்டு வெளியிடுங்கள். வரும் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் பற்றி மாநகர மன்றம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும்போது, அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு நாங்கள் செல்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
செந்தூல், கோலாலம்பூர்.